கண்ணு செவந்து, காதுல நாடி சத்தமும் கேட்டா மெட்ராஸ் ஐன்னு விட்டுடாதீங்க

எனக்கு வந்த வியாதிக்குப் பேரு கரோடிட் கேவர்னஸ் ஃபிஸ்டுலா. ஆஸ்பத்திரில சுருக்கமா சிசிஎஃப்னு சொல்றாங்க. கோளாறு கண்ணுக்குப் பின்னாடி மண்டைக்குள்ள ஓடுற ரத்தக்குழாய்ல, ஆனா அடி வாங்கறது கண்ணு, அதுலயும் உள்ள பின்பக்கம் பார்வை பதியற ரெட்டினா. எனக்கு வந்தப்ப, இத அனுபவிச்சவங்க யாராச்சும் தமிழ்ல எழுதிருக்காங்களான்னு ராத்திரி ராத்திரியா போன்ல தேடினேன், ஒண்ணும் கெடைக்கல. வீட்டுக்காரர் தவறி வருஷமாச்சு, பையன் குவைத்ல வேலை பாக்கறான், நெனச்ச நேரத்துக்குக் கெளம்பி வர முடியாது. டாக்டர்ட்ட போறது, பணம் கட்டறது, இன்சூரன்ஸ்காரங்ககிட்ட பேசறது எல்லாமே நானேதான். அதான் எனக்குத் தெரிஞ்சத மொத்தமா எழுதி வெக்கறேன், நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

எனக்கு வயசு 54. திண்டுக்கல்ல வீட்டுலயே ஆரி வொர்க் பண்றேன், முக்கியமா கல்யாண பிளவுஸ். பிரஷருக்கு மாத்திரை போடறேன், சுகர் இல்ல. ஐப்பசி முகூர்த்தம் நெருங்கற நேரம், ஸ்டாண்டுல துணி கட்டினா ராத்திரி வரைக்கும் எறங்க முடியாத அளவுக்கு ஆர்டர். அப்பதான் எடது கண்ணு செவந்துச்சு. வலி பெருசா இல்ல, பீளையும் இல்ல, அரிப்பும் இல்ல, சும்மா செவப்பு மட்டும். பாத்தவங்க எல்லாம் மெட்ராஸ் ஐனு சொல்லி தள்ளி நின்னாங்க, ஊர்ல அப்ப மெட்ராஸ் ஐ ஓடிட்டும் இருந்துச்சு. கிளினிக்லயும் அதே சொல்லி ஆன்டிபயாடிக் சொட்டு குடுத்தாங்க. கேக்கலன்னதும் ஸ்டீராய்டு சேந்த சொட்டு எழுதினாங்க. ஒரு மாசத்துக்கு மேல இந்த சொட்டு மாத்தி அந்த சொட்டுன்னு ஓடுச்சு. மெட்ராஸ் ஐன்னா சாதாரணமா ஒண்ணு ரெண்டு வாரத்துல எறங்கிடும், பீளை கட்டும், பெரும்பாலும் ஒரு கண்ணுல இருந்து இன்னொரு கண்ணுக்கும் தாவும். ஒத்தக் கண்ணு மட்டும் செவப்பா இருக்கு, பீளை இல்ல, சொட்டுக்கு அடங்கல, வாரம் ஆக ஆக கூடுதுன்னா அது வேற ஏதோன்னு எடுத்துக்கங்க. அப்புறம் ஸ்டீராய்டு சொட்ட டாக்டர் பாக்காம மெடிக்கல்ல வாங்கி வாங்கி ஊத்தாதீங்க, அது தனியாவே சில பேருக்கு கண் பிரஷர ஏத்திவிடும்.

இன்னொரு அடையாளம் இருக்கு. கண்ணாடில கிட்டப் பாத்தா வெள்ளை முழியில ரத்தக்குழாய் எல்லாம் தடிச்சு, திருகு திருகா நெளிஞ்சு, கருப்பு முழியோட ஓரம் வரைக்கும் வந்து நிக்கும். சாதாரண கண்ணு செவப்புல பூராவும் ரோஸ் கலர் பூசின மாதிரி இருக்கும், இதுல ஒவ்வொரு குழாயையும் தனித்தனியா எண்ணலாம். நான் போன் கேமராவுல டார்ச் போட்டு வாரா வாரம் போட்டோ எடுத்து வெச்சிருந்தேன், டிசைன் போட்டோ எடுத்துப் பழகின கை, அந்தப் போட்டோதான் பின்னாடி மதுரைல டாக்டருக்கு எது எப்ப ஆரம்பிச்சதுன்னு காட்ட ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சு. நீங்களும் எடுத்து வைங்க, தேதி தானா பதிஞ்சிரும்.

அடுத்து வந்தது சத்தம். ராத்திரி எடது பக்கம் தலைய வெச்சுப் படுத்தா காதுக்குள்ள புஸ்ஸு புஸ்ஸுன்னு ஒரு சத்தம், கைய புடிச்சு நாடி பாத்தா சத்தமும் நாடியும் ஒண்ணா போகுது. தூக்கம் போச்சு. காது டாக்டர்ட்ட போனேன், கேக்கற டெஸ்ட் எல்லாம் எடுத்து காது நல்லாதான் இருக்கு, டென்ஷன்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. கண் டாக்டர் கண்ண கேட்டாரு, காது டாக்டர் காத கேட்டாரு, ரெண்டையும் சேத்து வெச்சு கேக்க ஆளில்ல. இத படிக்கறவங்க ஒண்ணே ஒண்ண மனசுல வெச்சுக்கங்கன்னு கெஞ்சிக் கேக்கறேன், கண்ணு செவந்திருக்கு, தலைக்குள்ள நாடியோட சேந்து சத்தம் கேக்குது, இந்த ரெண்டையும் ஒரே டாக்டர்ட்ட ஒரே மூச்சுல சொல்லுங்க. தனித்தனியா சொன்னா யாருக்கும் ஒண்ணும் புரியாது, சேத்து சொன்னா வெவரம் தெரிஞ்ச டாக்டருக்கு உடனே பொறி தட்டும்.

கார்த்திகை பொறக்கறதுக்குள்ள இமை வீங்கிருச்சு, கண்ணு லேசா முன்னாடி தள்ளிக்கிட்டு வந்துச்சு, எடது பக்கம் திரும்பிப் பாத்தா ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. ஆரி ஊசில நூல் மாட்டற எடம் ரெண்டா தெரிஞ்சா என்ன வேலை செய்ய முடியும், ஒரு கண்ண துணியால கட்டிக்கிட்டு ஒரு பிளவுஸ மட்டும் முடிச்சுக் குடுத்தேன், மத்த அட்வான்ஸ திருப்பிக் குடுத்தேன், அதுலயே முப்பதாயிரத்துக்கு மேல போச்சு. கண்ணு தள்ளிட்டு வந்ததால தைராய்டா இருக்கும்னு டெஸ்ட் எழுதினாங்க, நார்மல். தைராய்டு கண்ணும் இதே மாதிரி இருக்கும்கறதால அந்த சந்தேகம் வர்றது சகஜம்தான், ஆனா ரிப்போர்ட் நார்மல்னு வந்தப்புறமும் அடுத்து என்னன்னு யோசிக்காம மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுப்போம்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறல.

ஒருநாள் பாத்ரூம்ல சொவத்து டைல்ஸோட கோடு நேரா போகாம நடுவுல வளைஞ்சு தெரிஞ்சுது. வலது கண்ண மூடிப் பாத்தேன், எடது கண்ணுல நடுவுல புகை மூட்டம், பக்கத்து வீட்டு அக்கா முகம் தெரியல, சேலை கலர் மட்டும் தெரிஞ்சுது. அன்னைக்கு அழுதுட்டேன். செவப்புக்கு நான் அவ்ளோ பயப்படல, இதுக்கு பயந்தேன், என் பொழப்பே கண்ணுதானே. மறுநாள் விடிகாலைல மதுரைக்கு பஸ் ஏறினேன்.

அங்க பாத்த டாக்டர் அம்மா மொதல்ல கண் பிரஷர் பாத்தாங்க. 10ல இருந்து 21க்குள்ள இருக்கணும், எனக்கு எடது கண்ணுல 34. அளக்கும்போதே மெஷின்ல தெரியற கோடு நாடிக்கு ஏத்த மாதிரி குதிக்குதுன்னு பக்கத்துல இருந்த சின்ன டாக்டரக் கூப்பிட்டுக் காட்டினாங்க. அப்புறம் ஸ்டெதாஸ்கோப் எடுத்து மூடின இமை மேல வெச்சுக் கேட்டாங்க. எனக்கு ஆச்சரியமா போச்சு, நெஞ்சுல வெக்கறத கண்ணுல வெக்கறாங்களேன்னு. கேட்டு முடிச்சு, "ஏம்மா, காதுல ஏதாச்சும் சத்தம் கேக்குதா?"ன்னாங்க. எத்தன வாரமா நான் யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருந்த கேள்வி அது.

சொட்டு விட்டு கண்ணு பாப்பாவ பெருசாக்கி ரெட்டினா பாத்தாங்க. உள்ள இருக்கற வெயின், அதாவது அசுத்த ரத்தம் திரும்பற குழாய், எல்லாம் உப்பி நெளிஞ்சு கெடக்கு, அங்கங்க ரத்தக் கசிவு, நடுப்பகுதில நீர் கோத்து வீங்கிருக்கு. ஓசிடினு ஒரு ஸ்கேன், வலியே இல்ல, கன்னத்த வெச்சு ஒரு வெளிச்சத்த பாத்தா போதும், அதுல ரெட்டினா நடுவுல தடிமன் 480 மைக்ரான் சொச்சம் வந்துச்சு. என் வலது கண்ணுல அது 250 சொச்சம்தான்.

டாக்டர் அம்மா பேப்பர்ல படம் போட்டு புரிய வெச்சாங்க. மூக்குக்குப் பின்னாடி, கண்ணுக்குப் பின்னால ரெண்டு பக்கமும் கேவர்னஸ் சைனஸ்னு அசுத்த ரத்தம் சேர்ற ஒரு எடம் இருக்கு. கண்ணுல இருந்து திரும்பற ரத்தம் அது வழியாதான் வடியும். கழுத்துல இருந்து மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாய், கரோடிட், அந்த எடத்துக்கு உள்ளயே பூந்துதான் போகுது. கரோடிட்டோ அதோட சின்னக் கிளையோ அந்த சைனஸோட தப்பா இணைஞ்சுட்டா, வேகமா போற ரத்தம் வடிகால் பக்கம் பாயும். மோட்டார் தண்ணிய சாக்கடைக் குழாய்ல திருப்பி விட்டா வீட்டுல எல்லா சிங்க்லயும் தண்ணி எதுத்துக்கிட்டு வருமே, அப்படி கண்ணுல இருந்து வடிய வேண்டிய ரத்தம் வடியாம தேங்கி நிக்கும். அதான் செவப்பு, அதான் வீக்கம். கண்ணுக்குள்ள ஊறுற நீரும் கடைசியா வெயின்லதான் கலக்கணும், அங்க அழுத்தம் இருந்தா கலக்க முடியாம கண் பிரஷர் ஏறும். ரெட்டினாவுக்கு ரெண்டு பக்கமும் இடி, பழைய ரத்தம் வெளிய போகாது, புது ரத்தம் உள்ள சரியா வராது, ஆக்சிஜன் கொறையும், கசியும், ரொம்ப நாள் விட்டா நடு வெயினே அடைச்சுக்கும். கண்ண வெளிப்பக்கம் திருப்பற நரம்பு அந்த சைனஸுக்கு உள்ளயே போறதால அது நசுங்கி ரெண்டு ரெண்டா தெரியுது. அவ்ளோ நாளா தனித்தனியா இருந்த எல்லா தொந்தரவும் அந்த ஒரு பேப்பர்ல ஒண்ணா வந்து உக்காந்துச்சு.

இதுல ரெண்டு வகை. அடிபட்டு வர்றது ஒண்ணு, பைக் ஆக்ஸிடெண்ட்ல தலைல அடிபட்டு கரோடிட்லயே ஓட்டை விழுந்து வரும், வேகமா முத்தும். சில பேருக்கு அடிபட்ட அன்னைக்கே தெரியாது, நாள் கழிச்சு, வாரம் கழிச்சு கண்ணு செவந்து தள்ளும், அப்ப ஆக்ஸிடெண்ட்ட மறந்துருப்பாங்க, அதனால தலைல அடிபட்ட வெவரத்த கண் டாக்டர்ட்ட கட்டாயம் சொல்லணும். இன்னொண்ணு என்னோடது, மூளை உறைல இருக்கற பொடிக் குழாய் வழியா மெதுவா கலக்கறது, அடிபடாமலே வரும், மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு அதிகம், பிரஷர் இருந்தா அதுவும் சேந்துக்கும். மெதுவா வர்ற வகைங்கறதாலதான் மெட்ராஸ் ஐனு ஏமாந்து போறாங்க.

மொதல்ல கண் பிரஷர கொறைக்க சொட்டும் டயமாக்ஸ் மாத்திரையும் குடுத்தாங்க. டயமாக்ஸ் போட்டா வெரல் நுனி எல்லாம் குறுகுறுன்னு மரத்துப் போகும், எனக்கு ஸ்ட்ரோக் வருதோன்னு பயந்து நடுராத்திரி போன் பண்ணினேன், அது மருந்தோட வேலைதான்னு சொன்னாங்க. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க, கிட்னி தொந்தரவு இருக்கறவங்க முன்னாடியே சொல்லிடணும். அதே மாதிரி டிமோலால் சொட்டு எழுதினா ஆஸ்துமா இருக்கறத சொல்லணும், சொட்டுதானேன்னு நெனைக்காதீங்க, அது ஒடம்புல கலக்கும்.

எம்ஆர்ஐல கண்ணுக்கு மேல இருக்கற வெயின் வீங்கிருக்குன்னு வந்துச்சு. ஆனா முடிவா சொல்றது டிஎஸ்ஏ ஆஞ்சியோதான். தொடை இடுக்குல சின்னதா மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிசு டியூப்ப கழுத்துக் குழாய் வரைக்கும் கொண்டு போயி சாயம் விட்டு படம் எடுக்கறாங்க. சாயம் விடறப்ப பாதி மொகம் குப்புனு சூடாகும், கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிக்கும், மூச்சப் புடிங்க, எச்சி முழுங்காதீங்கன்னு சொல்வாங்க. வலி இல்ல, பயம்தான். அது முடிஞ்சு ஆறு மணி நேரம் கால மடக்காம மல்லாக்க படுத்திருக்கணும். எனக்கு கூட ஆள் இல்ல, அட்டெண்டர் கையெழுத்து இல்லாம உள்ள கூட்டிட்டுப் போக மாட்டோம்னு கவுன்டர்ல சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டு அக்கா கடைய சாத்திட்டு பஸ் புடிச்சு வந்தாங்க, தண்ணி குடுக்கறது, பெட்பேன் வெக்கறது எல்லாம் அவங்கதான், கூடப் பொறந்தவ செய்வாளான்னு தெரியல. டிஎஸ்ஏ அன்னைக்கும் ஆபரேஷன் அன்னைக்கும் ஒருத்தர் கண்டிப்பா வேணும், முன்னாடியே யாரையாச்சும் சொல்லி வைங்க. கிட்னிக்குப் பாக்கற கிரியேட்டினின் ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டு, எம்ஆர்ஐ சிடி எல்லாம் ஒரே பைல இருக்கட்டும்.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேணுமான்னா வேண்டாம். மெதுவா கலக்கற வகைல கணிசமான பேருக்கு தானாவே அடைச்சுக்குதாம், சும்மா கண்காணிச்சுக்கிட்டு இருப்பாங்க. சில பேருக்கு கழுத்து நாடிய அழுத்தி விடற பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க, எடது பக்கக் கோளாறுன்னா வலது கையால அழுத்தணும், ஏன்னா மூளைக்கு ரத்தம் கொறைஞ்சா அந்த வலது கைதான் மொதல்ல சோந்து தானா விழுந்துரும். இத யாரோ வீடியோல காட்டினாங்கன்னு நீங்களா செஞ்சுடாதீங்க, கழுத்துக் குழாய்ல கொழுப்பு படிஞ்சிருந்தா அது பேந்து மூளைக்குப் போயிரும், டாப்ளர்னு கழுத்துக் குழாய்க்கு ஸ்கேன் பாத்து டாக்டர் சரின்னா மட்டும்தான். என் விஷயத்துல காத்திருக்க வேண்டாம்னு முடிவு பண்ண வெச்சது ரெட்டினாதான். பார்வை எறங்குது, கண் பிரஷர் மருந்துக்கு அடங்கல, நடுவுல நீர் கோத்துருச்சு, இனி விட்டா நரம்பு செத்துரும்னு சொன்னாங்க. அதனால காத்திருக்கலாம்னு உங்களுக்குச் சொன்னா, எது எது வந்தா காத்திருக்கக் கூடாதுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கங்க. மூளைப் பக்கத்து வெயினுக்கு ரத்தம் எதுத்துப் போகுதான்னும் கேளுங்க, போகுதுன்னா மூளைல ரத்தம் கசியற ஆபத்து, அது அவசரம். எனக்கு நல்ல வேளையா அது இல்ல.

ஆபரேஷன் பேரு எம்போலைசேஷன். மயக்கம் குடுத்து, தொடை வெயின் வழியா அந்த சைனஸுக்குள்ள போயி பிளாட்டினம் காயில், அதாவது மெல்லிசு கம்பிச் சுருள், வெச்சு அடைச்சுட்டாங்க. மொத்த பில் 5,40,000. பையன் வற்புறுத்தி போட்டு வெச்சிருந்த பாலிசி 5 லட்சம். கேஷ்லெஸ் மொதல்ல நிறுத்தி வெச்சாங்க, கண்ணு வியாதின்னு எழுதிட்டு நியூரோ டாக்டர் ஏன் செய்யறாருன்னு கேள்வி. கண் டாக்டரும் நியூரோ டாக்டரும் ஆளுக்கொரு லெட்டர் எழுதி, ரெட்டினா போட்டோ, டிஎஸ்ஏ ரிப்போர்ட் எல்லாம் சேத்து அனுப்பினப்புறம்தான் பாஸ் ஆச்சு. அதுக்குள்ள ரெண்டு வளையல அடகு வெச்சு முன்பணம் கட்டிட்டேன். நீங்க மொத தடவை அனுப்பும்போதே அந்த ரெண்டு லெட்டரையும் சேத்து அனுப்புங்க, நாள் மிச்சமாகும்.

மயக்கம் தெளிஞ்சதும் நான் மொதல்ல கவனிச்சது சத்தம் நின்னுருந்துச்சு. அந்த நிம்மதிய எழுத்துல சொல்ல முடியாது, சிஸ்டர் கையப் புடிச்சுக்கிட்டு அழுதேன். ஆனா வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்ல கண்ணு முன்னைய விட மோசமா வீங்குச்சு, செவப்பு கூடுச்சு. செஞ்சது எல்லாம் வீணாப் போச்சுன்னு நெனச்சேன். ஓடிப்போயி கேட்டா, அடைச்சப்புறம் அந்தக் கண் வெயின்ல ரத்தம் உறையறப்ப கொஞ்ச நாளைக்கு இப்படி ஆகறது உண்டுன்னு சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாங்க, எறங்கிருச்சு. இத டிஸ்சார்ஜ் அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தா அந்த ராத்திரி எல்லாம் நான் அப்படி தவிச்சிருக்க மாட்டேன். அதுக்காக வீக்கம் வந்தா சும்மா இருந்துடாதீங்க, உடனே போயி காட்டணும், பார்வை எறங்கினா அன்னைக்கே.

எல்லாரும் நெனைக்கறது தப்பான இணைப்ப அடைச்சாச்சு, வியாதி முடிஞ்சுதுன்னு. நியூரோ வார்டுல என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க, ரெட்டினாவுக்கு எப்ப காட்டணும்னு டிஸ்சார்ஜ் சீட்டுல ஒரு வரி இல்ல. ஆனா தேங்கின ரத்தத்தால ரெட்டினா பட்ட அடி உள்ள அப்படியே இருக்கு. செவப்பு போயி, கண்ணு உள்ள அடங்கி, ரெண்டா தெரியறதும் சில மாசத்துல சரியாச்சு, வெளிய பாக்கறவங்களுக்கு நான் நல்லாதான் இருந்தேன். புகை மூட்டம் மட்டும் போகல. திரும்ப ஓசிடி எடுத்தா வீக்கம் பாதிதான் எறங்கிருக்கு. கைல மஞ்ச சாயம் ஏத்தி கண்ணுல படம் எடுத்தாங்க, அன்னைக்கு பூரா தோல் மஞ்சளா இருக்கும், யூரின் ஆரஞ்சு கலர்ல போகும், பயப்பட வேண்டாம். ரத்த ஓட்டம் செத்துப்போன எடம் எவ்ளோ இருக்குன்னு அதுலதான் தெரியும். அந்த எடம் அதிகமா இருந்தா கண்ணுக்குள்ள புதுசா கெட்ட குழாய் மொளைச்சு, திரும்ப பிரஷர் ஏறி கண்ணே போயிரும், அதனால மாசா மாசம் வரச் சொன்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் ரெட்டினா டாக்டர்ட்ட தனியா தேதி வாங்கிக்கங்க, நீங்களா கேக்கலன்னா அது விட்டுப் போயிரும்.

வீக்கத்துக்கு கண்ணுக்குள்ள ஊசி போட்டாங்க. கேட்டதும் ஒடம்பு நடுங்குச்சு, ஆனா மரத்துப்போக சொட்டு விட்டுட்டுதான் போடறாங்க, ஒரு அழுத்தம் தெரியும், கருப்பா சின்னச் சின்ன குமிழி மெதக்கும், அவ்ளோதான். ஊசி போட்ட சில நாள்ல வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, செவந்தாலோ உடனே போகணும், இன்ஃபெக்ஷன் ஆகறது ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்துட்டா கண்ணுக்கே ஆபத்து. ஊசில ரெண்டு மூணு விதம் இருக்கு, வெலையும் பெரிய வித்தியாசம், எது போடறீங்க, ஏன்னு கேளுங்க, கேட்டா சொல்றாங்க. எனக்கு ஒவ்வொரு ஊசிக்கும் 9,000 பக்கம் ஆச்சு. கண்ணுக்குள்ள போடற ஊசிக்கு நெறைய பாலிசில தனியா ஒரு வரம்பு வெச்சிருக்காங்க, என் பாலிசிப் பணம் மொத்தமும் ஆபரேஷன்லயே தீந்துருச்சு, ஊசி எல்லாம் கைக்காசுதான். பில்லு, ஊசி, ஸ்கேன், பஸ்ஸு, போன ஆர்டர் எல்லாம் சேத்து கையவிட்டுப் போனது ரெண்டு லட்சத்தத் தாண்டும்.

கட்டம் போட்ட ஒரு அட்டை குடுத்தாங்க, நடுவுல புள்ளி. பீரோ கதவுல ஒட்டி வெச்சிருக்கேன், காலைல பல்லு வெளக்கினதும் கண்ணாடிய போட்டுக்கிட்டு வலது கண்ண மூடி அந்தப் புள்ளிய பாப்பேன், கோடு புதுசா வளைஞ்சா போன் பண்ணனும். ரத்தக்கொதிப்பு மாத்திரைய ஒரு வேளை கூட விடறதில்ல. தலைல காயில் இருக்குன்னு எழுதின டிஸ்சார்ஜ் சம்மரிய லேமினேட் பண்ணி பர்ஸ்ல வெச்சிருக்கேன், பின்னாடி எங்கயாச்சும் எம்ஆர்ஐ எடுக்க நேந்தா காட்டணும்.

இப்ப எடது கண்ணுல பார்வை 6/60ல இருந்து 6/18க்கு வந்திருக்கு, 6/6னாதான் முழுப் பார்வை. அதுக்கு மேல வருமான்னு டாக்டர் வாக்கு குடுக்கல. தடிமன் 300 கிட்ட எறங்கினதால ஊசிய இப்பதைக்கு நிறுத்தி வெச்சு மாசா மாசம் ஓசிடி மட்டும் பாக்கறாங்க. பகல் வெளிச்சத்துல பெரிய பீட்ஸ் வேலை செய்ய முடியுது, ஜர்தோசி மாதிரி பொடி வேலைய தெருவுல ஒரு பொண்ணுக்கு கத்துக்குடுத்து அவகிட்ட விடறேன், கூலில பாதி அவளுக்கு. அடைச்ச இணைப்பு திரும்ப தொறக்கலன்னு உறுதி பண்ண இன்னொரு டிஎஸ்ஏ எடுக்கணும்னு தேதி குடுத்திருக்காங்க, அதுக்கு பையன் லீவு சொல்லி டிக்கெட் போட்டுட்டான்.